ஓட்டுநர் பெய்ஷெனின் பிரசவ விடுப்பு

கோக்-பெல் மாவட்டத்திலும் பெண்கள் கருவுறுகிறார்கள் என்ற செய்தி அந்த வருஷம் பனி உருகத் தொடங்கியபோதுதான் தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பிறகு தலைநகரம் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. ஆம்புலன்ஸ் பணியாளர் அனைவருக்கும் பிரசவ கால அவசரங்களைக் கையாளும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. கோக்-பெல்லில் ஆம்புலன்ஸ் பணியாளர் அனைவரும் என்றால் இரண்டு பேர். மருத்துவ உதவியாளர் கனிஷாய் ஒருத்தி, ஓட்டுநர் பெய்ஷென் ஒருவர். மேற்படி அனைவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உத்தரவைக் கேட்டுக்கொண்டார்கள்.

பயிற்சிக்கென்று வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மையும் வந்துகொண்டிருந்தது. ஆள் உயரப் பெண் பொம்மை, அதன் வயிற்றுக்குள் குழந்தைப் பொம்மை. பொத்தானை அழுத்தினால் பெற்றுவிடும். ஆனால் எல்லையில் சுங்கக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. அனுப்பியவர்கள் 'பொம்மை ஒன்று' என்று எழுதியிருந்தார்கள். சுங்க அதிகாரி வயிற்றைத் தட்டிப் பார்த்ததில் உள்ளே இன்னொன்று இருப்பது தெரிந்துவிட்டது. அறிவிக்காத சரக்கை உடலுக்குள் மறைத்துக் கடத்த முயன்றதாக அந்தப் பொம்மையின் மேல் வழக்குப் பதிந்து, விசாரணை முடியும்வரை கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள்.

மாவட்ட சுகாதாரத் துறைத் தலைவர் மெதெர்பெக் சாபிரோவிச் இதற்கெல்லாம் கலங்குகிறவர் அல்ல. எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் அவருக்கு இல்லாததால் எதைக் கண்டும் அவர் கலங்கியதில்லை. அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டினார்.

"பொம்மை வரலைன்னா என்ன? நம்ம ஆபீஸ்ல ஒரு கர்ப்பிணி கிடைக்க மாட்டாங்களா?"

கல்யாணமாகாத பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிள்ளை பெற்றவள் என்று பெயரெடுத்த பிறகு எவன் பெண் கேட்டு வருவான்? கல்யாணமானவர்கள் கண் பட்டுவிடும் என்றார்கள். கணக்காளர் அம்மாள் தன் வயதைக் காரணம் காட்டினார். அந்த வயதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசியில் எல்லோருடைய பார்வையும், யாரும் சொல்லாமலே, ஒரு வயிற்றின் மேல் போய் நின்றது.

"பெய்ஷென் அண்ணே, கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றார் தலைவர். "பக்கவாட்டுல திரும்புங்க."

திரும்பினார்.

"எத்தனாவது மாசம் அண்ணே?" என்றாள் கனிஷாய்.

"இது மாசக்கணக்கு இல்ல தங்கச்சி, வருஷக்கணக்கு. குதிரைக்கறியும் புளிச்ச குதிரைப்பால் குமிஸும் சேந்து வளத்தது" என்றார் பெய்ஷென். "ஐயா, நான் வண்டி ஓட்டுறவன். என்னைப் போயி..."

"அரசாங்க வேலைன்னு வந்துட்டா சில சமயம் பெத்துக்கத்தான் வேணும்" என்றார் தலைவர்.

பெய்ஷெனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். அதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. மகன் எமில் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். மருமகள் ஜிப்பார் நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய மருத்துவமனையில்தான் பெற வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பயிற்சியில் நாலு விஷயம் காதில் விழுந்தால் நல்லதுதானே என்று பெய்ஷென் நினைத்தார்.

ஜிப்பாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரியாதை தெரிந்த பெண். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை வந்த நாளிலிருந்து காப்பாற்றி வந்தாள். யாராவது வாசலில் வந்து "பெய்ஷென் இருக்காரா?" என்று கேட்டால், "பெரியவர் வெளிய போயிருக்காரு" என்பாள். பெய்ஷெனுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

தலைநகரத்திலிருந்து சமாரா என்ற பயிற்சியாளர் வந்தாள். பயிற்சியின் முதல் பாதி கைதட்டுவதில் கழிந்தது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த மிருகத்தின் பெயரைச் சொல்லி, வட்டமாக நின்று, வலது பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துவிட வேண்டும். வட்டமாக நிற்க இரண்டு பேர் போதாது என்பதால் அலுவலகமே வந்து நின்றது. கலர் கலர் தாள்களில் 'என் எதிர்பார்ப்பு' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். கைதட்டத் தெரியாதவர்களால் பிரசவம் பார்க்க முடியாது என்பது தற்கால மருத்துவத்தின் முடிவு.

கைதட்டல் ஓய்ந்த பிறகு, சமாராவுக்குத் தன் தொழில் நன்றாகவே தெரியும் என்பது வெளிப்பட்டது. பெய்ஷெனை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தாள். கனிஷாயின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள்.

"பிள்ளை வந்தாச்சு, ஆனா ரத்தம் நிக்கலை. இப்ப என்ன செய்வீங்க?"

"தொடையில ஊசி."

"அதோட?"

"அடிவயித்துல கைய வச்சு அழுத்தித் தேய்க்கணும், கர்ப்பப்பை இறுகுற வரைக்கும்."

"தேய்ங்க."

கனிஷாய் தேய்த்தாள். பெய்ஷென் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டது.

"கொல்லப் பாக்குறியா தங்கச்சி?"

"பெத்தவங்க பேசக் கூடாது அண்ணே. மூச்சை விடுங்க."

குழந்தைக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பிறந்த பிள்ளையின் எடைக்குக் கோதுமை மாவை ஒரு பையில் கட்டி, மேலே கம்பளிக் குல்லாய் மாட்டினார்கள். அந்த மாவுப் பிள்ளை பெய்ஷெனிடமிருந்து எந்தச் சிக்கலும் இல்லாமல் பிறந்தது.

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கணக்காளர் அம்மாளுக்குப் பழக்க தோஷம். பிள்ளை பிறந்ததைப் பார்த்ததும் கால் தன்னால் ஓடியது. தலைவர் அறைக்குள் நுழைந்து, "சூயுஞ்சு ஐயா, சூயுஞ்சு" என்றார். நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் இப்படிச் சொன்னால் கேட்டவர் அந்த இடத்திலேயே பரிசு கொடுத்தாக வேண்டும். தலைவரின் கையும் பழக்கத்துக்கு அடிமைதான். தலையில் இருந்த புதுக் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். கொடுத்த சூயுஞ்சைத் திரும்பக் கேட்பது அசிங்கம். சூயுஞ்சு கொடுத்தாயிற்று என்றால் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளை பிறந்திருக்கிறது என்றால் ஊருக்கு விருந்து வைக்க வேண்டும். விருந்துக்கு எண்ணெயில் பொரித்த போர்சோக் வேண்டும், அதற்கு மாவு வேண்டும். மாவுக்குத் துறையில் நிதி ஒதுக்கீடு இல்லை. கைவசம் இருந்தது ஒரே ஒரு மாவு.

பெய்ஷெனின் மனைவி சோனுன்தான் பொரித்தாள். "முப்பது வருஷத்துல நான் நாலு பெத்தேன், நாலுக்கும் நான்தான் எழுந்து வந்து மாடு கறந்தேன்" என்று எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். "இந்தக் கிழவன் ஒரு மாவுப் பையப் பெத்ததுக்கு ஊரே கூடி நிக்குது."

ஊரே கூடித்தான் நின்றது. முல்லா வந்து கையேந்தி வாழ்த்தினார். தபால்காரி பிள்ளை முகம் பார்த்ததற்குச் சீராக ஒரு சால்வை கொண்டுவந்தாள். தலைவர் ஜாம் தொட்டுக்கொண்டு கைக்கு வந்ததையெல்லாம் தின்றார். சமாரா எல்லாவற்றையும் படம் எடுத்தாள். கடைசியாகத் தலைவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, ஸ்டியரிங்கைப் பிடிக்க வைத்து ஒரு படம். 'ஓட்டுநர் இல்லாத நேரத்திலும் மாவட்டத்தின் தாயை நானே அழைத்துச் செல்வேன்' என்று கீழே எழுதி, ஒரு கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி, அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தலைவருக்குத் தன் முகம் பிடித்துப்போயிற்று.

சில நாள் கழித்துத் தலைநகரத்திலிருந்து தொழிலாளர் நலப் பிரிவு கடுமையாக ஒரு கேள்வி கேட்டது. கோக்-பெல் பயிற்சியின் படங்களை ஆம்புலன்ஸ் பயணப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பிள்ளை பெற்ற ஓர் ஊழியர் மறுநாளே ஆம்புலன்ஸ் ஓட்டியிருப்பது தெரியவருகிறது. பச்சை உடம்புக்காரத் தாயை வேலை வாங்கிய கொடுமைக்கு யார் பொறுப்பு?

தலைவர் யோசித்தார். பெய்ஷென் தாய் இல்லை என்று பதில் போட்டால் பிரசவம் பொய். பிரசவம் பொய் என்றால் பயிற்சி பொய். பயிற்சி பொய் என்றால் அதற்கு வந்த நிதி எங்கே என்று கேட்பார்கள். பெய்ஷென் தாய் என்று ஒத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அன்றைக்கே பெய்ஷெனுக்குப் பிரசவ விடுப்பு கொடுத்து, ஆம்புலன்ஸ் சாவியை வாங்கித் தன் மேசையில் வைத்துப் பூட்டிவிட்டார். மாவட்டத்தில் ஆம்புலன்ஸ் ஓட்ட அனுமதி பெற்றவர் வேறு யாரும் கிடையாது.

முதல் இரண்டு நாள் பெய்ஷென் காலை நீட்டிப் படுத்திருந்தார். சோனுன் கறிச்சாறு கொடுத்துக் கிண்டல் செய்தாள், அவரும் சிரித்தார். மூன்றாம் நாள் ஜிப்பாரின் முகம் ஊதியிருந்ததைப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. கணவாயில் இன்னும் பனி கிடந்தது. ஊரில் இருந்த கார்கள் எல்லாம் பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். ஏறக்கூடியது அந்த உயரமான ஆம்புலன்ஸ் ஒன்றுதான். வழியில் ஏதாவது ஆனால் பார்க்கத் தெரிந்த கனிஷாயும் மருந்தும் அதில்தான் வரும். பெய்ஷென் போர்வையை உதறி எழுந்தார்.

நேரே தலைவரிடம் போனார்.

"ஐயா, சாவியக் கொடுங்க. மருமகளக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வந்துடுறேன்."

"பச்சை உடம்போட இப்படி நடந்து வரலாமா? உக்காருங்க."

"நான் பெறலை ஐயா. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியுறது முக்கியமில்ல. பிள்ளை இல்லைன்னு காட்டுங்க, இப்பவே விடுப்ப ரத்து பண்றேன்."

"அதைத்தான் எல்லாரும் தின்னுட்டமே. நீங்க ஜாமோட தின்னீங்க."

தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சத்தமா சொல்லாதீங்க. பிள்ளையத் தின்ன கேஸ் வேற வேணுமா? நீங்க பெறலைன்னு ரெண்டு பேர் சாட்சி சொல்லட்டும், போதும்."

"சரி, வேற யாராச்சும் ஓட்டட்டும். நீங்களே ஓட்டுங்களேன். படத்துல ஓட்டுறீங்களே."

"மாவட்டத்தின் தாயைன்னு போட்டிருக்கு. உங்க மருமக பேரு இன்னும் பிறந்த ஊர்ப் பதிவுலதான் இருக்கு. அவங்க அந்த மாவட்டத்துக் கர்ப்பிணி. நம்ம மாவட்டத்துக்கு இப்போதைக்கு இருக்கிற ஒரே தாய் நீங்கதான்."

பெய்ஷென் சாட்சி தேடிப் போனார். முல்லா தாடியைத் தடவினார். "உன் பிள்ளை விருந்துல சாப்பிட்டவன்பா நான். சாப்பிட்ட வாயால பிறக்கலைன்னு சொன்னா அந்தச் சோறு என்னைச் சும்மா விடுமா?"

"சோறு இல்ல முல்லா, அதான் பிள்ளையே."

"அப்ப இன்னும் பாவம்."

தபால்காரிக்குக் கோபமே வந்துவிட்டது. "முகம் பாத்துச் சால்வை கொடுத்திருக்கேன். இல்லாத பிள்ளைக்கா கொடுத்தேன்? என்னைப் பைத்தியக்காரின்னு சொல்றியா?"

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். விருந்தில் சாப்பிடாதவன் ஒருவன் ஊரில் இல்லை. பெய்ஷென் சோர்ந்துபோய் வீடு திரும்பி, ஜிப்பார் கேட்காத மாதிரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சோனுன் மாவு பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"ஏன் கிழவா, ஊரே உன்னைத்தான் பெத்தவன்னு சொல்லுது, இல்லையா?"

"சொல்லுது."

"பெத்தவனுக்குக் காய்ச்சல் வராதா? ஜன்னி வராதா? படு. கனிஷாயக் கூப்பிடு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னு சொல்லச் சொல்லு. கூடப் போக ஒரு பொம்பள வேணும்ல? ஜிப்பார் வருவா."

அரைமணியில் கனிஷாய் தலைவர் முன்னால் நின்றாள். மாவட்டத்தின் ஒரே தாய் அபாய நிலையில் இருக்கிறார், ஓட்டுநர் பிரசவ விடுப்பில் இருக்கிறார் என்று சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடியே சொன்னாள். தலைவரும் படத்தைப் பார்த்தார். வெளி அறையில் அலுவலகம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இப்படியாக, ஆம்புலன்ஸ் ஓட்டத் தெரிந்தவர் ஸ்ட்ரெச்சரில் வார் போட்டுக் கட்டப்பட்டும், ஓட்டத் தெரியாதவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டும், நிறைமாசக்காரி ஓரத்துப் பலகையில் துணைக்கு உட்கார்ந்தும், ஊர்வலம் கணவாய் ஏறியது.

"கியரை மாத்துங்க ஐயா" என்றார் பெய்ஷென் படுத்தபடி. "அது இல்ல. அது துடைப்பான்."

"நோயாளி பேசக் கூடாது" என்றார் தலைவர்.

மேய்ச்சலுக்கு மலையேறும் ஆட்டு மந்தை ஒன்று வளைவில் வழியை அடைத்துக்கொண்டது. வண்டி நின்றது. தலைவர் ஹாரன் அடித்தார், ஆடுகள் அவரைத் திரும்பிப் பார்த்தன. அப்போது ஜிப்பார் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா? எனக்கு அந்த இடம் வேணும்."

பெய்ஷென் வாரை எப்படி அவிழ்த்தார் என்று அவருக்கே தெரியாது. தலைவர் பின்பக்கம் திரும்பிப் பார்த்து வெளுத்துப்போனார்.

"துணைக்கு வந்தவங்க பெத்துக்க விதியில இடமில்லையே."

"விதியக் கூட்டிக்கிட்டு வெளிய இறங்குங்க" என்றாள் கனிஷாய். "கதவச் சாத்துங்க. குளிர் வரக் கூடாது."

இரண்டு ஆண்களும் ஆடுகளுக்கு நடுவே நின்றார்கள். உள்ளேயிருந்து ஜிப்பாரின் குரல் வந்தது, கனிஷாயின் அதட்டல் வந்தது. பிறகு கீச்சென்று ஒரு அழுகை. தலைவர் சிரித்தார். பெய்ஷென் சிரிக்கவில்லை. அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவருக்கு அடுத்து என்ன வர வேண்டும் என்று தெரியும். கதவு திறக்க வேண்டும். திறக்கவில்லை. "ரத்தம் நிக்கலை, என்னைப் பாரு, கண்ண மூடாத" என்று கனிஷாய் சொல்வது கேட்டது. ஊசி மருந்துக் குப்பி உடையும் சத்தம் கேட்டது. பெய்ஷென் வண்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எமிலுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தார். பயிற்சியன்று கனிஷாய் தன் வயிற்றை அழுத்தியபோது தான் கத்தி ஊரைக் கூட்டியது ஞாபகம் வந்தது.

"நல்லா அழுத்து தாயி" என்றார் மூடிய கதவிடம். "நல்லா அழுத்து. விட்டுடாத."

தலைவர் கூடத் தன் பழைய தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆடுகள் எல்லாம் போய், கடைசி நாயும் போன பிறகுதான் கதவு திறந்தது. கனிஷாயின் கை முழங்கை வரை சிவந்திருந்தது.

"சூயுஞ்சு, பெய்ஷென் அண்ணே. பேத்தி. ரெண்டு பேரும் இருக்காங்க."

பெய்ஷென் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். அந்தக் குளிரில் சட்டையோடு நின்றுகொண்டு, உலகத்திலேயே பெரிய பணக்காரன் மாதிரி சிரித்தார்.

பெரிய மருத்துவமனையில் தாயும் பிள்ளையும் தேறி ஊர் திரும்பினார்கள். ஊருக்கு மறுபடி விருந்து நடந்தது, மறுபடி எல்லோரும் சாப்பிட்டார்கள். தலைவர் அறிக்கை அனுப்பினார். வண்டியில் ஏற்றிய நோயாளி ஒருவர், வண்டியில் பிறந்த குழந்தை ஒன்று. துணைக்கு வந்தவர் பெற்றதாகச் சொன்னால் அனுமதியில்லாத பிரசவம் ஆகிவிடும். எனவே கணக்கு தானாகவே நேரானது. தலைநகரம் மகிழ்ந்துபோயிற்று. ஒரே ஓட்டுநருக்கு ஒரே வசந்தத்தில் இரண்டு வெற்றிகரமான பிரசவம். கோக்-பெல்லைப் பார்த்து எல்லா மாவட்டங்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. எல்லா மாவட்டங்களும் கற்றுக்கொண்டன. கோடை முடிவதற்குள் நாட்டின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் பிரசவ விடுப்பில் இருந்தார்கள்.

நாற்பது நாள் கழிந்ததும், பேத்திக்குத் துமார் என்று பெயர் பதிவு செய்ய ஜிப்பார் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். பெய்ஷெனும் கூடப் போனார். பிரசவ விடுப்பில் இருப்பவர் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தால் வேலை பார்த்ததாகிவிடும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அப்பா பேரு?" என்றார் குமாஸ்தா.

"எமில்."

"அம்மா பேரு?"

"நான்தான். ஜிப்பார்."

குமாஸ்தா காகிதத்தைப் புரட்டினார். "நீ துணைக்குப் போனவன்னு இருக்கேம்மா. பெத்தது வேற ஆள். அவங்க பேரைச் சொல்லு."

"அந்தப் பேரை நான் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"என் மாமனார் பேரு."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். அவர் மனம் நெகிழ்ந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளப் பாக்குறதே அபூர்வம். நீ சொல்ல வேணாம் தாயி."

பெய்ஷெனால் பொறுக்க முடியவில்லை. ஜன்னலைத் தட்டினார். "நான் பெறலை. அவதான் பெத்தா. கண்ணால பாத்தவங்க இருக்காங்க."

"பெத்த உடம்போட காத்துல நிக்காதீங்க" என்று சொல்லிக் குமாஸ்தா ஜன்னலைச் சாத்தினார்.

கண்ணாடி வழியாகப் பெய்ஷென் பார்த்தார். ஜிப்பாருக்குப் பின்னால் நீண்ட வரிசை. முல்லா இருந்தார், தபால்காரி இருந்தாள், கணக்காளர் அம்மாள் தலைவரின் தொப்பியோடு இருந்தார். இரண்டு விருந்திலும் சாப்பிட்டவர்கள்.

"இந்தப் பிள்ளையோட அம்மா பேரு யாருக்காவது தெரியுமா?" என்று குமாஸ்தா கேட்டார்.

வரிசை ஒரே குரலில் சொன்னது, "பெய்ஷென்."

குமாஸ்தா எழுதி, ஊதிக் காயவைத்து, முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்து வீறிட்டு அழுதது. ஜிப்பாரின் மார்பில் சட்டை நனைந்துகொண்டிருந்தது.

"பாவம், பசிக்குது போல" என்றார் குமாஸ்தா. "நிக்காதம்மா. சீக்கிரம் கொண்டுபோய் அதோட அம்மாகிட்ட குடு."